மார்க்கோனியும் கடலும்

கடலுக்குச் சென்றவர் கரை சேரும் வரை வீட்டிலுள்ளோர்க்கு உறக்கம் ஏது? இன்று நடுக்கடலில் இருக்கும் மாலுமி தம் மகளின் பிறந்த நாளன்று அவளோடு பேசி வாழ்த்துச் சொல்லிவிடுகிறார். 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இந்த நிலை இல்லை. துறைமுகத்தை விட்ட கப்பல் தொடுவானத்தைத் தாண்டிவிட்டால் அதன் கதி இறைவனுக்கே வெளிச்சம். பகலில் கொடி, இரவில் விளக்கு, ஆபத்து வந்தால் வாணம். இவையே கப்பலின் மொழி. இவையெல்லாம் கண்ணுக்கு எட்டும் தொலைவோடு சரி. மூடுபனி சூழ்ந்துவிட்டால் அதுவும் இல்லை. குறித்த நாளில் வராத கப்பலுக்காகக் காத்திருந்து காத்திருந்து, ஒரு நாள் அதன் பெயரைக் காணாமற்போனவற்றின் பட்டியலில் எழுதிவிடுவார்கள். எங்கே மூழ்கியது, எப்படி மூழ்கியது என்று சொல்ல ஆள் இராது.

இந்த மௌனத்தைக் கலைத்தவர் குலியெல்மோ மார்க்கோனி. வானொலியைக் கண்டுபிடித்தவர் என்று ஒரு வரியில் அவரைப் படித்துவிட்டுத் தேர்வு எழுதிவிடுகிறோம். அந்த ஒரு வரி முழு உண்மை அன்று. அவர் வரலாற்றை ஊன்றிப் படித்தால், பாட்டும் செய்தியும் வீட்டுக்கு வீடு கேட்கவேண்டும் என்பதைவிட, கப்பலின் குரல் கரைக்கு எட்டவேண்டும் என்பதிலேயே அவர் மனம் ஊன்றியிருந்தது புலப்படும். அதற்காக அவர் வாழ்நாள் முழுதும் மாற்றி மாற்றி அமைத்துப் பார்த்த பொருள் ஒன்றுதான்: ஏரியல். அலையை வானில் விடுவதும் வானிலிருந்து பிடிப்பதும் அந்தக் கம்பிதானே.

இத்தாலி நாட்டின் பொலோஞா நகரில் 1874ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 25ஆம் நாள் மார்க்கோனி பிறந்தார். தந்தை ஜுசெப்பே மார்க்கோனி நிலபுலன் உடையவர். தாய் ஆன்னி ஜேம்சன் அயர்லாந்து நாட்டவர். பொலோஞாவுக்கு அருகே பொன்டெக்கியோ என்னும் சிற்றூரில் வில்லா கிரிஃபோனே என்ற அவர்களுடைய பெரிய வீடு இருந்தது. சிறுவன் பள்ளிப் படிப்பில் சிறந்து விளங்கினான் என்று சொல்வதற்கில்லை. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவர் படித்துப் பெறவில்லை. ஆனால் மின்சாரம் என்றால் உயிர். லிவோர்னோ என்ற துறைமுக நகரில் இருந்தபோது, கண்பார்வை இழந்துகொண்டிருந்த ஒரு முதிய தந்தி ஊழியருக்குப் புத்தகம் படித்துக் காட்டுவார். அதற்குக் கைம்மாறாக அந்த முதியவர் மோர்ஸ் தந்தி எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தாராம். பிற்காலத்தில் உலகம் முழுவதும் ஒலித்த அந்தப் புள்ளியும் கோடும் அவருக்கு வந்து சேர்ந்த வழி இது.

1894ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் இளவயதிலேயே மறைந்தார். கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகள் உண்டு என்று சோதனை மூலம் காட்டியவர் அவர். அவரைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்த இருபது வயது மார்க்கோனிக்கு, இந்த அலைகளைக் கொண்டு கம்பியே இல்லாமல் தந்தி அனுப்பினால் என்ன என்று தோன்றியது. அன்று முதல் வீட்டின் மேல்மாடமே அவருடைய ஆய்வுக்கூடம். முன்பு பட்டுப்புழு வளர்த்த இடம் அது. தந்தை பணச்செலவைக் கண்டு முணுமுணுத்தார்; தாயோ மகனுக்குச் சாப்பாட்டுத் தட்டை மாடிக்கு எடுத்துச் சென்று வைத்துவிட்டு வருவார். ஒரு நாள் நள்ளிரவில் மகன் தாயை எழுப்பி மாடிக்கு அழைத்துச் சென்றான். அறையின் ஒரு மூலையில் பொத்தானை அழுத்தினான். மறு மூலையில் மணி ஒலித்தது. இடையே கம்பி இல்லை. அந்த மணியை முதலில் கேட்டவர் ஓர் அன்னை என்பதில் நமக்கெல்லாம் ஒரு மகிழ்ச்சி இருக்கத்தானே செய்யும்!

அறைக்குள் ஒலித்த மணியை வெளியே கொண்டுபோனதுதான் அவருடைய உண்மையான சாதனை. பிற அறிஞர்கள் மேசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அலையை அனுப்பி, அதன் இயல்பை ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். மார்க்கோனிக்குத் தொலைவு வேண்டும். 1895இல் தோட்டத்தில் சோதனை செய்துகொண்டிருந்தபோது, பொறி எழுப்பும் கருவியின் ஒரு முனையைக் கம்பத்தின் உச்சியில் கட்டிய உலோகத் தகட்டோடும் மற்றொரு முனையை மண்ணில் புதைத்த தகட்டோடும் இணைத்துப் பார்த்தார். அலை சென்ற தொலைவு சட்டென்று பெருகியது. கம்பத்தை உயர்த்த உயர்த்தத் தொலைவும் கூடியது. அண்ணன் அல்ஃபோன்சோவும் வேலையாள்களும் வாங்கும் கருவியை வீட்டுக்கு எதிரே உள்ள குன்றுக்கு அப்பால் தூக்கிச் சென்றார்கள். அங்கிருந்து கைக்குட்டையை ஆட்டினால் தெரியாதே! ஆகவே செய்தி வந்தால் துப்பாக்கியால் சுடுவது என்று ஏற்பாடு. மார்க்கோனி மாடத்திலிருந்து விசையைத் தட்டினார். குன்றுக்கு அப்பாலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. தொலைவு சுமார் 2 கிலோமீட்டர். குன்று அலையை மறிக்கவில்லை. அப்படியானால் மூடுபனியும் மறிக்காது. தொடுவானமும் மறிக்காமல் இருக்கலாம் அன்றோ?

1896இல் தாயும் மகனும் இங்கிலாந்துக்குச் சென்றார்கள். துறைமுகச் சுங்க அதிகாரிகள் பெட்டியிலிருந்த விந்தையான கருவிகளைக் குடைந்து உடைத்துவிட்டதாக வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அவற்றைச் செப்பனிட்டு, அதே ஆண்டு ஜூன் 2ஆம் நாள் காப்புரிமைக்கு மனுச் செய்தார். அஞ்சல் துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் இளைஞரை ஆதரித்தார். 1897 மே மாதம் பிரிஸ்டல் கால்வாயின் கரையிலிருந்து ஃபிளாட் ஹோம் என்ற தீவுக்குச் செய்தி சென்றது. தண்ணீருக்கு மேலே அலை தங்குதடையின்றிச் செல்வதைப் பலரும் கண்டனர். அந்தக் கோடையிலேயே இத்தாலியக் கடற்படை அவரை லா ஸ்பெட்சியா துறைமுகத்துக்கு அழைத்துப் போர்க்கப்பலில் கருவியைப் பொருத்திப் பார்த்தது. அதே ஆண்டில் அவருடைய நிறுவனமும் லண்டனில் தொடங்கப்பட்டது.

இங்கே சிரிப்பூட்டும் ஒரு செய்தி. 1898இல் இங்கிலாந்தின் இளவரசர் முழங்காலில் அடிபட்டுக் கப்பலில் ஓய்வெடுத்துக் கொண்டிருந்தார். கரையில் ஆஸ்போர்ன் மாளிகையில் இருந்த அன்னை விக்டோரியா பேரரசிக்கு மகனின் முழங்கால் பற்றி ஓயாத கவலை. மார்க்கோனியை அழைத்து மாளிகையிலும் கப்பலிலும் கருவிகளை வைக்கச் செய்தார். 16 நாள்களில் சுமார் 150 செய்திகள் போய் வந்தனவாம். பேரரசியானாலும் தாய் தாய்தான்.

ஆனால் கடல் எப்பொழுதும் இப்படிச் செல்லமாக இருப்பதில்லை. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டுகள் உள்ளன. எண்ணற்ற கப்பல்களை விழுங்கிய இடம். அங்கு நங்கூரமிட்டு நிற்கும் விளக்குக் கப்பலில் 1898 டிசம்பரில் மார்க்கோனியின் கருவி பொருத்தப்பட்டது. 1899 மார்ச் 17ஆம் நாள் மூடுபனியில் எல்பே என்ற கப்பல் அந்த மணலில் தட்டி நின்றது. விளக்குக் கப்பல் கரைக்குச் செய்தி சொன்னது. கரை உயிர்காக்கும் படகுக்குச் சொன்னது. அடுத்த மாதம் வேறொரு கப்பல் அந்த விளக்குக் கப்பலின் மேலேயே மோதிவிட்டது. இம்முறை அது தனக்காகவே உதவி கேட்டது. காப்பதற்கென்று நின்ற கப்பலே காப்பாற்றுங்கள் என்று கூவியது. அந்தக் கூவல் கரையில் கேட்டது.

இனி அட்லாண்டிக். கடலைக் கடந்து அலை செல்லாது என்பதே அன்றைய அறிஞர் பலரின் கருத்து. அலை நேர்கோட்டில் செல்லும்; உலகமோ உருண்டை; ஆகவே அலை விண்வெளிக்குப் போய்விடும் என்றார்கள். நியாயமான வாதம்தான். மார்க்கோனி வாதாடவில்லை. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் போல்டு என்ற இடத்தில் 20 உயர்ந்த கம்பங்களை வட்டமாக நட்டு ஏரியல் அமைத்தார். 1901 செப்டம்பரில் புயல் அவற்றைச் சாய்த்தது. அமெரிக்கக் கரையில் நட்ட கம்பங்களும் நவம்பரில் விழுந்தன. அவர் போல்டுவில் சிறிய ஏரியல் ஒன்றைக் கட்டிவைத்துவிட்டு, இரண்டு உதவியாளர்களோடு நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குக் கப்பலேறினார். செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்துக்கு மேலே உள்ள சிக்னல் குன்றில் கம்பம் நட நேரமில்லை. பலூனில் கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டார். காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. பட்டம் விட்டார், அதுவும் போயிற்று. இன்னொரு பட்டம் சுமார் 150 மீட்டர் கம்பியோடு மேலே நின்றது.

நின்றது என்றால் அசையாமல் நிற்கவில்லை. டிசம்பர் மாதக் கடுங்காற்றில் ஏறியது, இறங்கியது, சாய்ந்தது. ஏரியல் அசைந்தால் அதன் மின் இயல்பும் மாறும். அலைக்கு ஏற்பச் சுருதி சேர்த்து வைத்த கருவி, ஏரியலின் ஒவ்வோர் அசைவுக்கும் சுருதி பிசகியது. வீணை வாசிக்கும்போது ஒருவர் முறுக்காணியைத் திருகிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்! மார்க்கோனி சுருதிக் கருவியை ஒதுக்கிவிட்டு, சுருதி சேர்க்காத எளிய கருவியை எடுத்துத் தொலைபேசிக் குழலைக் காதில் வைத்துக்கொண்டார். 1901 டிசம்பர் 12ஆம் நாள் பகல் 12.30 மணியளவில் மூன்று புள்ளிகள் கேட்டன. ஆங்கில எஸ் என்ற எழுத்து. சுமார் 3,400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தது. அசையும் ஏரியலோடு எப்படிச் செய்தி வாங்குவது என்ற கேள்வி அந்தக் குன்றின் மேல்தான் முதன்முதலாக இத்தனை கூர்மையாக எழுந்தது. அதற்கு நல்ல விடை கிடைக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

அன்று அவர் காதில் வைத்த கருவியில் பாதரசத்தால் ஆன ஓர் உணரி இருந்தது. இத்தாலியக் கடற்படையினர் அவருக்குக் கொடுத்தது. அந்த வகை உணரியைப் பற்றி 1899லேயே லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியவர் நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ். அவர் கல்கத்தாவில் மிகச் சிறிய அலைகளைக் கொண்டு ஆராய்ந்து வந்தார். கண்டதை வெளியிட்டாரே தவிர, காப்புரிமைக்கு அலையவில்லை. இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ், ரஷ்யாவின் போப்போவ், அமெரிக்காவில் வாழ்ந்த டெஸ்லா என்று இத்துறையில் உழைத்தவர் பலர். சுருதி சேர்ப்பது பற்றி மார்க்கோனி பெற்ற புகழ்பெற்ற காப்புரிமையின் முக்கியப் பகுதிகளை 1943இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்தது. பிறர் முன்னரே செய்திருந்தார்கள் என்பதே காரணம். பாடப் புத்தகத்தின் ஒரு வரி முழு உண்மை அன்று என்று மேலே எழுதியது இதனால்தான். பலர் கையிலிருந்த இழைகளைச் சேர்த்து வலை பின்னியவர் மார்க்கோனி. வலையைக் கடலில் வீசியவரும் அவரே.

மூன்று புள்ளிகளை அவரும் உதவியாளரும் மட்டுமே கேட்டார்கள். அதனால் ஐயப்பட்டோர் உண்டு, இன்றும் உண்டு. மார்க்கோனி 1902 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா என்ற பயணக் கப்பலில் ஏறினார். இம்முறை செய்தி காகித நாடாவில் தானாகப் பதிந்தது. கப்பல் தலைவரே கையெழுத்திட்டார். இரவில் சுமார் 2,500 கிலோமீட்டர் வரை செய்தி நாடாவில் பதிந்தது. புள்ளிகள் அதற்கு அப்பாலும் காதில் கேட்டன. பகலிலோ அதில் பாதித் தொலைவுக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிட்டது! கதிரவனுக்கும் அலைக்கும் என்ன பகை? வானின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு ஒன்று இருந்து அலையைத் திருப்பி அனுப்புகிறது என்று அந்த ஆண்டே ஹெவிசைடு, கென்னெலி என்ற இருவர் கூறினர். 1924இல் ஆப்பிள்டன் அதைச் சோதனையால் உறுதி செய்தார். கப்பலில் பயணம் செய்துகொண்டே ஆராய்ந்ததால்தான் மார்க்கோனிக்கு இந்தப் பகலிரவு வேறுபாடு அகப்பட்டது.

1909 ஜனவரி 23ஆம் நாள் அமெரிக்கக் கரைக்கு அப்பால் மூடுபனியில் ரிபப்ளிக் என்ற கப்பலின் மீது ஃபுளோரிடா என்ற கப்பல் மோதியது. ஜாக் பின்ஸ் என்ற இளம் தந்தியாளரின் அறைச் சுவர் உடைந்துபோயிற்று. உறையவைக்கும் குளிரில், பழுதுபட்ட கருவியோடு, மணிக்கணக்காக அவர் ஆபத்துச் செய்தியைத் தட்டிக்கொண்டிருந்தார். பால்டிக் என்ற கப்பல் பனிக்குள் தட்டுத்தடுமாறி, தந்தியின் வழிகாட்டுதலாலேயே வந்து சேர்ந்தது. இரண்டு கப்பல்களிலுமாகச் சுமார் 1,500 பேர் பிழைத்தனர். மோதலில் இறந்தவர் ஒரு சிலரே. அந்த ஆண்டு இறுதியில் மார்க்கோனிக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பரிசில் பாதி வேறொருவருடையது. ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன். இவரை நாம் மறந்துவிட்டோம். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் நெடுங்காலம் இருந்த படக்குழாய்க்கு மூலம் இவர் 1897இல் செய்தது என்பதைக்கூட மறந்துவிட்டோம். 1905இல் இவர் மூன்று ஏரியல்களை முக்கோணத்தின் மூன்று முனைகளில் நட்டார். மூன்றுக்கும் ஒரே மின்னலையைக் கொடுத்தார். ஆனால் ஒன்றுக்கு மட்டும் இம்மியளவு தாமதித்துக் கொடுத்தார். ஒரு திசையில் மூன்று அலைகளும் ஒன்றுகூடி வலுத்தன. எதிர்த் திசையில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. எந்த ஏரியலையும் இடம் மாற்றாமல், எதற்குத் தாமதம் என்பதை மட்டும் மாற்றி, அலை செல்லும் திசையைத் திருப்பினார். இந்த முக்கோணத்தைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது யாவரும் அறிந்ததே. அதன் தந்தியாளர்கள் ஜாக் ஃபிலிப்ஸ், ஹெரால்டு பிரைடு இருவரும் மார்க்கோனி நிறுவனத்தின் ஊழியர்கள். அன்று மாலை அவர்கள் பயணிகளின் வாழ்த்துத் தந்திகளையும் வணிகத் தந்திகளையும் அனுப்புவதில் மூழ்கியிருந்தார்கள். அருகிலிருந்த கலிஃபோர்னியன் என்ற கப்பல் பனி சூழ்ந்திருக்கிறது என்று சொல்ல வந்தபோது, குறுக்கிடாதே என்று ஃபிலிப்ஸ் அதட்டினார். கலிஃபோர்னியனின் ஒரே தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். சிறிது நேரத்தில் டைட்டானிக் உதவி கேட்டபோது அங்குக் கேட்க ஆளில்லை. தொலைவிலிருந்த கார்ப்பேத்தியா கப்பலின் தந்தியாளரும் உறங்கத்தான் ஆயத்தமானார். காதுக் குழலைக் கழற்றாமல் இருந்ததால் கேட்டது. அவர் கேட்டதனால் எழுநூறுக்கு மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். 1,500 பேர் வரை மாண்டனர். அதட்டிய ஃபிலிப்ஸ் கப்பல் மூழ்கும் வரை விசையை விடாமல் தட்டி, தாமும் கடலோடு போனார். வயது 25.

அச்சமயம் நியூயார்க்கில் இருந்த மார்க்கோனி, கார்ப்பேத்தியா துறைமுகம் சேர்ந்ததும் அதிலேறி, கால்கள் புண்ணாகிக் கிடந்த பிரைடைக் கண்டார். மக்கள் மார்க்கோனியை உயிர்காத்தவர் என்று போற்றினர். விசாரணையோ சங்கடமான கேள்விகளையும் எழுப்பியது. பிரைடு தம் அனுபவத்தைச் செய்தித்தாளுக்கு விற்க நிறுவனம் இடம் கொடுத்தது ஏன் என்று கேட்டார்கள். இதற்கும் முன்பே நிறுவனத்தின் மீது ஒரு குறை இருந்தது. பிற நிறுவனக் கருவி உள்ள கப்பலோடு தன் தந்தியாளர்கள் பேசக்கூடாது என்று அது விதித்திருந்தது. கடலில் ஒரு குரல் கேட்டால் அது எந்த நிறுவனத்தின் குரல் என்று பார்க்கலாமா? 1906இல் பெர்லினில் கூடிய நாடுகள் அந்த வழக்கத்துக்கு எதிராக விதி செய்தன, எஸ்.ஓ.எஸ். என்ற ஆபத்துக் குறியையும் ஏற்றன. டைட்டானிக்குக்குப் பின், 1914இல் லண்டனில் கூடிய மாநாடு பெரிய பயணக் கப்பல்களில் இரவும் பகலும் ஒருவர் செவிமடுத்திருக்க வேண்டும் என்று விதித்தது. கருவி இருந்தால் போதாது, விழித்திருக்கும் காதும் வேண்டும் என்பதை உலகம் அந்த விலை கொடுத்துக் கற்றது.

1912 செப்டம்பரில் மோட்டார் விபத்தில் மார்க்கோனி வலக் கண்ணை இழந்தார். செயற்கைக் கண்ணோடு வேலைக்குத் திரும்பினார்.

இது வரை அவருடைய ஏரியல்கள் பெரும்பாலும் நான்கு திசையிலும் அலையை வாரி இறைத்தன. நடுக்கடலில் யாராவது கேளுங்கள் என்று கூவும் கப்பலுக்கு அதுவே தேவை. ஆனால் ஓரிடத்திலிருந்து குறிப்பிட்ட ஓரிடத்துக்குச் செய்தி அனுப்ப அது வீண் செலவு. எண்ணெய் விளக்கு அறை முழுவதும் பரப்பும் ஒளியை, டார்ச் விளக்கில் பல்புக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான கிண்ணம் ஒரே திசையில் திரட்டி அனுப்புகிறது அல்லவா? ரேடியோ அலைக்கும் அத்தகைய கிண்ணம் செய்யலாம். அலை நீளமாக இருந்தால் கிண்ணமும் மலையளவு வேண்டும். ஆகவே 1916இல் ஜெனோவாவில் மார்க்கோனி, ஃபிராங்க்ளின் என்ற பொறியாளரோடு சேர்ந்து, ஓரிரண்டு மீட்டரே நீளமுள்ள சிற்றலைகளுக்குத் திரும்பினார். பல ஆண்டுகளாகப் பயனற்றவை என்று தாமே ஒதுக்கிய அலைகள். இந்தத் துணிவை நான் அவருடைய மற்றெல்லாச் செயல்களையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். கிலோமீட்டர் கணக்கில் நீளமுள்ள அலைகளுக்காக அவருடைய நிறுவனம் கொட்டிய பணத்துக்கு அளவில்லை. அந்த வழி தவறு என்று நாற்பதைக் கடந்த வயதில் ஒப்புக்கொள்வது எளிதா?

1919இல் அவர் நீராவியால் ஓடும் ஓர் உல்லாசக் கப்பலை விலைக்கு வாங்கினார். சுமார் 67 மீட்டர் நீளம். எலெத்ரா என்று பெயரிட்டு அதைத் தம் வீடாகவும் ஆய்வுக்கூடமாகவும் ஆக்கிக்கொண்டார். 1930இல் பிறந்த மகளுக்கும் அதே பெயரையே சூட்டினார். 1923இல் எலெத்ரா ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டி தீவுகள் வரை சென்றது. போல்டுவில் பிரதிபலிக்கும் அமைப்போடு கூடிய ஏரியல் 97 மீட்டர் அலையை அனுப்பிக்கொண்டிருந்தது. சக்தியை ஒரு கிலோவாட்டாகக் குறைத்தபோதும் 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் செய்தி தெளிவாகக் கேட்டது. அடுத்த ஆண்டு 32 மீட்டர் அலை பகலிலேயே பெய்ரூத் துறைமுகத்தில் கேட்டது. ஃபிலடெல்ஃபியா கப்பலில் கண்ட பகற்பொழுதின் பகை 22 ஆண்டுகளுக்குப் பின் இப்படித் தீர்ந்தது. இதன் பயனாக 1926இல் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் இடையே கற்றைமுறைத் தந்தி தொடங்கியது. 1927இல் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகியவற்றோடும் தொடங்கியது. இந்தியாவுக்கான நிலையங்கள் பூனாவுக்கு அருகே கிர்க்கியிலும் தோண்டிலும் அமைந்தன.

கரைக்குக் கரை சரி. கப்பலுக்கு? டார்ச் ஒளியைச் சுவரில் ஓரிடத்தில் நிறுத்துவது எளிது. ஊஞ்சலில் ஆடிக்கொண்டே நிறுத்திப் பாருங்கள்! கப்பல் திசை திரும்புகிறது, பக்கவாட்டில் உருள்கிறது, முன்னும் பின்னும் எழுந்து விழுகிறது. இன்னொரு தொல்லை கடல்நீரே. அலை ஏரியலுக்கு நேராகவும் வருகிறது. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்துச் சற்றுப் பிந்தியும் வருகிறது. இரண்டும் இசைந்தால் குரல் வலுக்கிறது, முரண்பட்டால் அழிகிறது. கப்பல் ஏறி இறங்க, குரலும் ஏறி இறங்குகிறது. ஒரே கப்பலில் வெவ்வேறு உயரத்தில் இரண்டு ஆண்டெனாக்கள் வைப்பதற்கு இதுவே காரணம். ஒன்று இழந்ததை மற்றது பிடிக்கும்.

மார்க்கோனிக்குப் பின் வந்தவர்கள் இதற்கு இரண்டு வழிகள் கண்டனர். ஒன்று, கிண்ண ஆண்டெனாவை மோட்டார்களின் மேல் ஏற்றி, கப்பலின் ஆட்டத்துக்கு எதிராக அதைத் திருப்பிக்கொண்டே இருப்பது. 1976 முதல் செயற்கைக் கோள்கள் வழியாகக் கப்பல்கள் பேசத் தொடங்கியபோது, மேல்தளத்தில் வெள்ளைக் குடத்தைக் கவிழ்த்தாற்போன்ற கூண்டுகள் வந்தன. கிண்ணம் அதற்குள் இருக்கிறது. மற்றொரு வழியில் எதுவும் திரும்புவதில்லை. சிறுசிறு ஆண்டெனாக்கள் பலவற்றைப் பலகைபோல் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சிறு தாமதத்தைக் கணிப்பொறி கணக்கிட்டுக் கொடுக்கிறது. கப்பல் உருள உருளக் கணக்கும் மாறுகிறது. வேண்டிய குரல் வரும் திசையில் காது கூர்மையாகிறது. குறுக்கிடும் ஓசை வரும் திசையில் செவிடாகிறது. 1967இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் விட்ரோவும் தோழர்களும், சூழலுக்கேற்பத் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும் இத்தகைய ஆண்டெனாக்களுக்கு எளிய கணக்குமுறை ஒன்றை வெளியிட்டார்கள். இதன் வேர் எங்கே இருக்கிறது? 1905இல் பிரவுன் நட்ட முக்கோணத்தில்!

அந்தப் பிரவுனின் முடிவு வருந்தத்தக்கது. மார்க்கோனி நிறுவனம் ஒரு ஜெர்மானிய நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை மீது தொடுத்த காப்புரிமை வழக்கில் சாட்சி சொல்ல, முதல் உலகப் போரின் தொடக்கத்தில் அவர் நியூயார்க் சென்றார். போர் வழியை மறித்தது. ஊர் திரும்ப இயலாமல் 1918இல் புரூக்ளினில் காலமானார். பரிசைப் பகிர்ந்த இருவரும் இப்படி வழக்கு மன்றத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றார்கள்.

மார்க்கோனியின் சொந்த வாழ்வும் பழுதற்றதன்று. 1905இல் பியாட்ரிஸ் ஓபிரையன் என்ற அயர்லாந்துப் பிரபுவின் மகளை மணந்தார். கடலும் ஆய்வுமே கதியென இருந்த கணவரோடு அவர் பட்ட தனிமை கொஞ்சமன்று. 1924இல் பிரிந்தனர், 1927இல் திருச்சபை அத்திருமணம் செல்லாதது என அறிவித்தபின், மார்க்கோனி ரோமில் மரியா கிறிஸ்தினாவை மணந்தார். அரசியலில் அவர் 1923இல் முசோலினியின் பாசிசக் கட்சியில் சேர்ந்தார்; பட்டமும் பதவியும் பெற்றார். 1930இல் அவர் தலைவரான இத்தாலிய அரச அறிவுக் கழகத்தில் யூத அறிஞர்கள் நுழையாதபடி அவர்களுடைய பெயர்களுக்கு நேரே அடையாளமிட்டார் என்பதைப் பிற்காலத்தில் வெளிவந்த ஆவணங்கள் காட்டுகின்றன. கடலில் தத்தளிக்கும் எவருடைய குரலும் கேட்கவேண்டும் என்று உழைத்தவர், தம் மேசையருகே நின்ற சிலரின் குரலுக்குக் காதை மூடிக்கொண்டார். இதை எழுதாமல் விட்டால் வரலாறு ஆகாது.

திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதரின் விருப்பப்படி வத்திக்கான் வானொலி நிலையத்தை அமைத்தவர் மார்க்கோனியே. 1931 பிப்ரவரி 12ஆம் நாள் அவர் ஒலிவாங்கியின் முன் நின்று அறிமுகம் செய்ய, திருத்தந்தை லத்தீன் மொழியில் உலகத்தோடு பேசினார். திருத்தந்தை ஒருவரின் குரல் வானொலியில் ஒலித்தது அதுவே முதன்முறை. 1933இல் வத்திக்கானையும் காஸ்தல் கண்டோல்ஃபோ கோடை மாளிகையையும் அறுபது சென்டிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள நுண்ணலையால் அவர் இணைத்தார்.

அந்த நுண்ணலைகளைக் கொண்டு அவர் கடலில் செய்த கடைசிப் பெரிய சோதனை 1934 ஜூலை இறுதியில் நடந்தது. செஸ்த்ரி லெவாந்தே என்ற கடற்கரை ஊரில், கரையில் உயரமான இடத்திலிருந்து ஒரு கருவி நுண்ணலைக் கற்றையை வீசியது. கடலில் இரண்டு மிதவைகள் சிறு இடைவெளியில் நின்றன. எலெத்ரா கப்பலில் மாலுமி நிற்கும் அறையின் சன்னல்கள் முழுவதும் திரையால் மூடப்பட்டன. வெளியே பார்க்காமல், கருவி காட்டும் குறியையும் ஒலியையும் மட்டுமே கொண்டு கப்பல் இரு மிதவைகளுக்கு நடுவே நுழைந்து சென்றது. மூடுபனியில் கப்பல் துறைமுகம் புக இனி அஞ்சவேண்டுவதில்லை என்பதே அதன் பொருள். கூடியிருந்தோர் வியந்தனர். அவருக்கோ இதய நோய் முற்றிக்கொண்டிருந்தது.

1937 ஜூலை 20ஆம் நாள் அதிகாலை ரோமில் மார்க்கோனி காலமானார். வயது 63. மறுநாள் மாலை பல நாடுகளின் வானொலி நிலையங்களும் தந்தி நிலையங்களும் இரண்டு நிமிடம் ஓசையை நிறுத்தி அஞ்சலி செய்தன. கப்பல்கள் மோர்ஸ் தந்தியில் ஆபத்துக் குறி அனுப்பும் முறை அவருக்குப் பின்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1999 பிப்ரவரி 1ஆம் நாள் செயற்கைக் கோள்களையும் தானியங்கிக் கருவிகளையும் கொண்ட உலகளாவிய முறை அதன் இடத்தை முழுமையாக எடுத்துக்கொண்டது.

எலெத்ராவை இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கைப்பற்றிப் பீரங்கி பூட்டினர். 1944 ஜனவரியில் ஸாரா துறைமுகத்துக்கு அருகே நேச நாட்டு விமானங்கள் தாக்க, அது கரை தட்டி உடைந்தது. அதன் முன்பகுதி இன்று திரியெஸ்தே நகரில் உள்ளது. இன்னொரு துண்டு வில்லா கிரிஃபோனேயின் தோட்டத்தில், மார்க்கோனியின் கல்லறைக்கு அருகே வைக்கப்பட்டிருக்கிறது. பட்டுப்புழு வளர்த்த அந்த மேல்மாடத்தைப் பழையபடியே காத்து வருகிறார்கள். அதன் சன்னலைத் திறந்தால் எதிரே தெரிவது, துப்பாக்கிச் சத்தம் எழுந்த அந்தக் குன்று.